பொத்தானைத் தொட்டாலும் ஒப்பந்தம்தான்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் சட்ட மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

"சர்வகலாசாலையில் இணைய வியாபாரச் சட்டம் படிக்கிறாயாமே, அது கம்பெனிக்காரனுக்கு உதவுகிற படிப்பல்லவா? அதனால் நமக்கென்ன லாபம்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

செல்போனில் சேலை வாங்குகிறோம், விதை வாங்குகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போன் சொல்கிற திசையில் பைக்கை ஓட்டி, ஊரார் வீட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் சுமக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் "சம்மதம்" என்ற பொத்தானைத் தொட்ட பிறகே காரியம் நடக்கிறது. அந்தத் தொடுதலுக்குச் சட்டத்தில் என்ன பொருள்? இதைக் கற்பதுதான் எங்கள் படிப்பு.

இந்தப் படிப்பு கம்ப்யூட்டரில் தொடங்கவில்லை. 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தொடங்குகிறது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும், அந்தச் சம்மதம் சுயேச்சையாக இருக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளைக்காரன் அதை எழுதியபோது டெலிபோன்கூடக் கிடையாது.

பின்னால் டெலிபோன் வந்தது, வழக்கும் வந்தது. அகமதாபாத் வியாபாரி ஒருவர், காம்காவ் ஊரிலுள்ள ஆலைக்காரரிடம் போனில் பேசிப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வாங்க ஏற்பாடு செய்தார். சரக்கு வரவில்லை. அகமதாபாத்தில் வழக்குப் போட்டார். "நான் சரியென்று சொன்னது காம்காவில், வழக்கை அங்கே போடு" என்றார் விற்றவர். 1965ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சம்மதச் சொல் காதில் விழுந்த இடமே ஒப்பந்தம் பிறந்த இடம், ஆகவே அகமதாபாத் கோர்ட் விசாரிக்கலாம். மூன்று நீதிபதிகளில் ஹிதயத்துல்லா மட்டும் மாறுபட்டார்.

புண்ணாக்குக்கா இத்தனை வாதம் என்று சிரிக்காதீர்கள். எந்த ஊரில் வழக்கு என்றால், யார் ரயில் ஏறுவது, யார் கூலியை இழப்பது என்று அர்த்தம். வியாபாரிக்கு அது செலவு. நமக்கோ அன்றைய அடுப்பே எரியாது.

இப்போது இணையத்துக்கு வருவோம். 2000ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2008ல் அதைத் திருத்தி 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மின்னணு வழியில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாதென்று தள்ள முடியாது என்கிறது அந்தப் பிரிவு. ஆக, விரல் தொட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதியது யார்? கம்பெனி. பக்கம் பக்கமாக இங்கிலீஷ். ஒரு வரியை மாற்றக் கேட்க முடியுமா? முடியாது. ஏற்றுக்கொள், இல்லையேல் போ! உள்ளே ஒரு மூலையில், "தகராறு வந்தால் எங்கள் தலைமை ஆபீஸ் இருக்கும் நகரத்துக் கோர்ட்டில்தான்" என்று ஒரு ஷரத்து இருக்கும். புண்ணாக்கு வழக்கின் அதே கேள்வி!

இங்கேதான் படிப்பு நமக்குப் பயன்படுகிறது. 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே பிராது கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. 2020ல் வந்த இணைய வியாபார விதிகள், முன்கூட்டியே 'டிக்' போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்கின்றன. புகார் கிடைத்ததாகக் கம்பெனி 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்த்து வைக்க வேண்டும்.

குறையும் உண்டு. நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிராது கொடுக்க 2019ம் வருஷச் சட்டம் புதிதாக வழி செய்தது. ஆனால் அந்தப் பிராதை மாவட்டத்தில் கொடுக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மறுபடியும் ரயில்!

வாங்குகிறவன் கதை இது. உழைக்கிறவன் கதை என்ன? பொட்டலம் சுமக்கிற பையனும் பொத்தானைத் தொட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தான். "நீ தொழிலாளி இல்லை, கூட்டாளி" என்கிறது கம்பெனி. கூலியை நிர்ணயிப்பது யார்? வேலையை நிறுத்துவது யார்? கூட்டாளியா?

1986ல் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கார்ப்பொரேஷன், மூன்று மாத நோட்டீசில் காரணம் சொல்லாமலே ஊழியரை நீக்கலாம் என்று விதி வைத்திருந்தது. சமபலம் இல்லாதவர்களுக்கிடையே செய்த இப்படிப்பட்ட நியாயமற்ற ஷரத்து செல்லாது என்று கோர்ட் அதை ரத்துச் செய்தது. 2021ல் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் ஊபர் டிரைவர்களின் வழக்கில், காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், கட்டணத்தையும் நிபந்தனையையும் யார் விதிக்கிறார்கள் என்று பார்த்தது. அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இத்தகைய உழைப்பாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களது சமூகப் பாதுகாப்புக்காகக் கம்பெனிகள் பணம் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் அவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்துத்தான் வரையறுக்கிறது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே நாற்காலி போடவில்லை.

தோழர்களே! அந்த ஷரத்துகளை எழுதியவர்கள் எல்லோரும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தான். கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. அதை வாசித்துப் பார்த்து, "இது செல்லாது" என்று எழுந்து சொல்ல நமக்கு ஆள் வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஐந்து வருஷப் படிப்பு. டிகிரி முடித்த பிள்ளைக்கு மூன்று வருஷம். மில் லைன் வீட்டிலிருந்தும் கூலிக்காரன் குடிசையிலிருந்தும் பெண்ணையும் பையனையும் அனுப்புங்கள்.

அவர்கள் படித்து வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். செல்போனில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். ஏமாந்தால் வாய்மூடி இருக்காதீர்கள். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மாவட்ட ஆணையத்தின் படியேறுங்கள். பொத்தானைத் தொட்ட விரலுக்குப் பிராது எழுதவும் தெரியும் என்பதைக் காட்டுங்கள்!