கடல் கடந்து கற்போரும் கையடக்கத் தொலைபேசியும்

 

கண்டி மாநகரிலிருந்தும், அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலான ஊர்களிலிருந்தும் நம் பிள்ளைகள் பலர் உயர்கல்வி நாடி மலேசியா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குச் செல்கின்றனர். சென்று இறங்கிய சில நாட்களுக்குள் அவர்கள் வாங்க விரும்பும் பொருள்களுள் ஒன்று புதிய கையடக்கத் தொலைபேசியாகும். இது ஒரு சிறு விடயமாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குள் ஒரு கொடுக்கல் வாங்கலும், ஓர் உடன்படிக்கையும், சில வேளை ஒரு கடனும் அடங்கியிருக்கின்றன. எனவே மார்க்கத்தின் பார்வைக்கு அது அப்பாற்பட்டதன்று.

தொலைபேசி வாங்குவதே வீண்விரயம் என்று கூறுவது நமது நோக்கமல்ல. முன்னொரு காலம், வெளிநாட்டில் ஓதச் சென்ற மகனின் கடிதத்திற்காக உம்மாமார் வாரக்கணக்கில் காத்திருந்தனர். பின்னர் நகரத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசினர். 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் தொடங்கிய வன்செயல்கள் கண்டி மாவட்டத்தின் ஏனைய ஊர்களுக்கும் பரவியபோது, அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வட்ஸ்அப், வைபர், முகநூல் ஆகியன சில நாட்கள் முடக்கப்பட்டன. அந்நாட்களில் வீட்டாரின் குரலைக் கேட்கச் சாதாரண தொலைபேசி அழைப்பே கைகொடுத்தது. பெற்றோரின் மனத்தை அமைதிப்படுத்தும் ஒரு கருவி தேவையின் பாற்பட்டதே.

ஆனால், தேவை வேறு; ஆசை வேறு. வீட்டாருடன் பேசவும், பல்கலைக்கழகப் பாடங்களைப் பார்க்கவும், தொழுகை நேரத்தை அறியவும் நடுத்தர விலையில் கிடைக்கும் ஒரு தொலைபேசி போதுமானது. நண்பரின் கையில் உள்ளதைவிடப் புதியது வேண்டுமென்று எண்ணும்போதுதான் தேவை ஆசையாக மாறுகின்றது. அந்த ஆசையின் விலையைக் கண்டியில் இருக்கும் வாப்பாவின் கணக்கிலும் எழுதிப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதமளவில் அது சுமார் 360 ரூபாவைத் தொட்டது. 600 டொலர் பெறுமதியான ஒரு தொலைபேசி 120,000 ரூபாவிலிருந்து 216,000 ரூபாவாக ஏறிற்று. பொருள் ஒன்றே, அதைச் சுமந்த தோள்தான் ஏறத்தாழ இரு மடங்கு வருந்திற்று.

கையில் பணமில்லாதபோது தவணை முறை எளிதாகத் தோன்றும். பிரித்தானியாவில் மாதக் கட்டணத்துடன் தொலைபேசியைப் பெறும் உடன்படிக்கைகள் பெரும்பாலும் 24 மாதங்களுக்குரியவை. அங்கு முதுமாணிப் படிப்போ பொதுவாக ஓராண்டில் முடிந்துவிடும். மாதம் 35 பவுண் எனக் கொண்டால் மொத்தம் 840 பவுண். படிப்பு முடிந்து விமானமேறும் நாளில் 420 பவுண் எஞ்சியிருக்கும். விற்பனையாளர் முதல் மாதக் கட்டணத்தைத்தான் பெரிதாகக் காட்டுவார். கையொப்பமிடுபவரோ கடைசி மாதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்குர்ஆன் ஸூரா அல்மாஇதாவின் முதல் வசனத்திலேயே முஃமின்களுக்குக் கட்டளையிடுகின்றது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கடனைத் தவணை குறித்து எழுதி வைப்பதைப் பற்றியது. ஆகவே வாசிக்காமல் கையொப்பமிடுதல் ஒரு முஸ்லிமுக்கு அழகன்று. காலம் எவ்வளவு, இடையில் விலகினால் செலுத்த வேண்டியது எவ்வளவு, தாமதித்தால் வட்டி உண்டா என்பவற்றைக் கேட்டறியுங்கள். தவணை விற்பனையில் விலை முதலிலேயே தீர்மானிக்கப்பட்டு, பின்னர் கூடாதிருப்பின் அது ஆகுமென்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. ஐயம் ஏற்படின் உலமாக்களிடம் விளக்கம் பெறுங்கள்.

நேயர்களே! சிலர் மனத்தில் எழும் ஓர் எண்ணம் உண்டு. "அந்நிய நாட்டுக் கம்பனிதானே, நான் ஊர் திரும்பிய பின் என்னை யார் தேடி வரப் போகின்றார்?" என்பதே அது. இதற்கான பதிலை ஹிஜ்ரத்தின் இரவில் காண்கின்றோம். மக்கத்துக் குறைஷியர் நபி (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்திருந்தனர். அவ்வேளையிலும் அம்மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்கள் அன்னாரிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும்படி அலி (ரழி) அவர்களை மக்காவில் தங்கச் செய்துவிட்டே அன்னார் புறப்பட்டார்கள். அலி (ரழி) அவர்கள் மூன்று நாட்கள் தங்கி அப்பணியை முடித்த பின்னரே மதீனா சென்றார்கள். தம்மைத் துரத்திய ஊரின் பொருளையே எடுத்துச் செல்லாத நபியின் உம்மத்தினர், தமக்குக் கல்வி தந்த ஊரின் கடனை விட்டுவிட்டு வரலாமா?

கடன் மரணத்துடனும் முடிவதில்லை. ஒரு மனிதரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது அவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதை அறிந்த நபியவர்கள், தாம் தொழுவிக்காது தோழர்களைத் தொழுமாறு பணித்தார்கள். அபூ கதாதா (ரழி) அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழுவித்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மூன்று தீனாருக்கே இந்நிலை என்றால் நாம் சிந்திக்க வேண்டும்.

ஏற்கனவே உடன்படிக்கை செய்தவர்கள் கலங்க வேண்டியதில்லை. நாடு திரும்புவதற்கு முன்பே கம்பனியுடன் பேசி, எஞ்சிய தொகையை எழுத்தில் பெறுங்கள். ஒரே தடவையில் இயலாவிடின் ஊரிலிருந்து மாதாமாதம் செலுத்த வழி கேளுங்கள். தவணை முடியுமுன் தொலைபேசியை விற்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டா என்பதையும் விசாரியுங்கள். கடன் இருப்பதை வீட்டில் ஒருவருக்கேனும் எழுதிக் கொடுங்கள்.

பழைய தொலைபேசி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அதனைப் பற்றுச்சீட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டு இன்றி மிகக் குறைந்த விலையில் வருவது திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும். திருட்டென அறிந்து வாங்குவது ஹராமாகும்.

பெற்றோரே! அடுத்த வீட்டுப் பிள்ளையின் தொலைபேசியைக் காட்டி உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்கள். நாடு திரும்பும்போது ஆளுக்கொரு தொலைபேசி கொண்டுவரும்படி அவருக்குப் பட்டியல் அனுப்பாதீர்கள். அவர் கடனின்றித் திரும்புவதே உங்களுக்குரிய பெரும் பரிசு. மாணவர்களே! வாங்கிய தொலைபேசி எதுவாயினும் அதிலிருந்து செல்லும் முதல் அழைப்பு உம்மாவுக்குரியதாகட்டும்.

யா அல்லாஹ்! கல்வி தேடிச் சென்ற எம் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! கடனின் சுமையிலிருந்தும் வாக்கு மீறுவதிலிருந்தும் எம்மனைவரையும் காப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.