எந்த ஆட்சி வந்தாலும் அதே கேள்வி



சந்தைப் பொருளாதாரத்தில் நம்பிக்கை கொண்ட, ஆனால் எந்தக் கட்சியையும் சாராத ஒரு சிந்தனை மன்றத்துக்கு மாநில அரசின் கொள்கையில் என்ன வேலை? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. இப்படி ஒரு மன்றம் என்று சொன்ன உடனே நம் ஊரில் இரண்டு கேள்விகள் எழும். யார் காசு கொடுக்கிறார்கள்? எந்தக் கட்சிக்கு ஆள் பிடிக்கிறார்கள்? இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

முதலில் பம்பாய்க்குப் போவோம். ஆண்டு 1956. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்குகிற நேரம். பற்றாக்குறை நிதியை நம்பி இவ்வளவு பெரிய திட்டம் வேண்டாம் என்று பொருளாதார நிபுணர் குழுவில் ஒரே ஒருவர்தான் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பி. ஆர். ஷெனாய். அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்நியச் செலாவணி கரைந்து நாடு தவித்தது. அந்த 1956-இல்தான் ஏ. டி. ஷ்ராஃப் என்பவர் ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற மன்றத்தைத் தொடங்கினார். அவர் டாட்டா குழுமத்துக்காரர், 1944-இல் வெளிவந்த பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஆகவே இது முதலாளிகளின் ஊதுகுழல் என்று அன்றே சொன்னார்கள். அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மன்றம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

1959-இல் ராஜாஜி இதே சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்குகிறார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும் என்கிறார். மன்றம் பேசிய பொருளாதாரமும் அதுதான். அப்படியே கட்சியில் கரைந்துவிட எல்லா வாய்ப்பும் இருந்தது. மன்றத்தில் இருந்த சிலர் கட்சிக்குப் போகவும் செய்தார்கள். மன்றம் மட்டும் மன்றமாகவே நின்றது. 1967-இல் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது. 1971-இல் அது 8 ஆகச் சுருங்கியது. 1974-இல் இன்னொரு கட்சியோடு இணைந்து மறைந்தது. ஒரு தேர்தலிலும் நிற்காத மன்றமோ சிறு சிறு வெளியீடுகள் போட்டுக்கொண்டும், கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்திக்கொண்டும் தொடர்ந்து இயங்கியது.

அந்த மன்றத்தின் பெரிய முகம் வழக்கறிஞர் நானி பல்கிவாலா. ஒவ்வொரு ஆண்டும் மத்திய பட்ஜெட் வந்ததும் அதை மக்கள் முன் பிரித்துப் போட்டுப் பேசுவார். 1958-இல் பம்பாயில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் தொடங்கிய கூட்டம் அது. பிறகு மண்டபம் போதாமல், பிராபோர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கே போக வேண்டியதாயிற்று. கையில் குறிப்புத்தாள் கிடையாது. மேல்தட்டு வருமான வரி சர்சார்ஜோடு சேர்த்து 97.75 சதவீதம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டு லட்சத்துக்கு மேல் ஒருவன் நேர்மையாகச் சம்பாதித்துக் கணக்குக் காட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அவன் கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய். கறுப்புப் பணத்துக்கு இதைவிடப் பெரிய அழைப்பிதழ் வேண்டுமா என்று மக்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். 1974-இல் அந்த விகிதம் 77 ஆகக் குறைந்தது. அதற்கு அரசு அமைத்த வாஞ்சூ குழுவின் பரிந்துரை முக்கியக் காரணம். ஆனால் வரிவிகிதம் என்பது அதிகாரிகளும் ஆடிட்டர்களும் மட்டும் பேசுகிற சங்கதி என்றிருந்ததை மைதானத்துக்குக் கொண்டுவந்த பெருமை பல்கிவாலாவுடையது.

கட்சி சாராமை என்றால் என்ன என்பதற்கும் அவர் வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். வங்கி தேசியமயத்தையும் மன்னர் மானிய ஒழிப்பையும் எதிர்த்து இந்திரா காந்தி அரசோடு நீதிமன்றத்தில் மோதியவர் அவர். அதே பல்கிவாலா, 1975 ஜூனில் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் அவருக்காகவே வாதாடினார். சட்டப்படி இந்திரா பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்தார், வழக்கை ஏற்றார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆளைப் பார்க்கவில்லை, பிரச்சினையைப் பார்த்தார். இந்த முதுகெலும்பு இல்லாவிட்டால் எவ்வளவு புள்ளிவிவரம் வைத்திருந்தாலும் அது சிந்தனை மன்றம் ஆகாது.

இப்போது பம்பாயை விட்டு நம் தெருவுக்கு வருகிறேன். ஏனென்றால் சந்தைச் சுதந்திரம் என்றதும் எல்லோருக்கும் ஆலை முதலாளிதான் நினைவுக்கு வருகிறார். எனக்கு நினைவுக்கு வருவது தள்ளுவண்டியில் கொய்யா விற்கிற அம்மா.

விடிவதற்கு முன்பே கோயம்பேட்டில் சரக்கு எடுக்கிறார். தண்டல்காரரிடம் வாங்கிய கடனுக்குச் சாயங்காலம் பணம் கட்ட வேண்டும். நடுவில் மாமூல். அதையும் தாண்டி ஒருநாள் மாநகராட்சி லாரி வந்து நிற்கும். முதலில் தராசு போகும், பிறகு வண்டி போகும். பழம் ரோட்டில் உருளும். அந்த அம்மா லைசென்ஸ் கேட்டால் கிடைக்காது. இல்லாமல் விற்றால் குற்றம். ராஜாஜி சொன்ன பெர்மிட் ராஜ்யம் ஆலைகளுக்கு 1991 ஜூலையில் பெருமளவு முடிந்துபோனது. நடைபாதைக்கு அன்று முடியவில்லை.

டெல்லியில் 1997-இல் பொருளாதார அறிஞர் பார்த் ஷா தொடங்கிய ‘சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி’ இந்த இடத்தில்தான் கைவைத்தது. தெருவில் பிழைக்கிறவன் எந்தெந்தத் தொழிலுக்கு யார் யாரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று திரட்டி எழுதியது. 2014-இல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான பெருமை முதலில் சேர வேண்டியது ஆண்டுக்கணக்கில் போராடிய வியாபாரிகள் சங்கங்களுக்கு. இலா பட் அம்மையார் வளர்த்த ‘சேவா’ என்ற பெண்கள் தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளுக்கு. ஆனாலும் பாருங்கள், தொழிற்சங்கமும் சந்தைச் சிந்தனை மன்றமும் ஒரே பக்கம் நின்றன. கட்சி மேடைகளில் இந்தக் காட்சி கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை இருக்கிற வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானால் 30 நாள் அறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு நகல் கொடுக்க வேண்டும். வியாபாரி வந்து கேட்டால், அழுகக்கூடிய பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். இந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். அருமையான சட்டம். அந்தக் கொய்யாக்கார அம்மாவுக்கு இதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது; விதிகளும் திட்டமும் மாநிலத்தின் கையில், குழு நகராட்சியின் கையில். சட்டம் காகிதமாகவே தங்கிப்போவது இந்த இரண்டு படிகளில்தான். சிந்தனை மன்றத்தின் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது.

சந்தை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. காமராஜரின் மதிய உணவையும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவையும் எந்தச் சந்தையும் ஆக்கிப் போட்டிருக்காது. பசித்த பிள்ளையின் கையில் காசு இல்லையே! அங்கே மன்றம் செலவைக் கணக்கிட்டுச் சொல்லலாம், ஒழுகும் இடத்தைக் காட்டலாம். வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு மக்கள் வாக்கு வாங்கி வந்தவர்களுடையது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்று ஆண்டுதோறும் தமிழில் அச்சடித்து வெளியிட வேண்டும். கேட்டால் காட்டுகிறோம் என்பது போதாது. பணம் கொடுத்த தொழிலதிபர் தனக்கு மட்டும் வரிச்சலுகை, தனக்கு மட்டும் நிலம் என்று கேட்டால், அதை எதிர்த்து முதல் அறிக்கை அந்த மன்றத்திலிருந்தே வர வேண்டும். போட்டியை ஆதரிப்பவன் சலுகையை ஆதரிக்க முடியாது. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ஆகும், எதிர்க்கட்சி ஆளுங்கட்சி ஆகும். நேற்று ஒருவரிடம் கேட்ட கேள்வியை இன்று மற்றவரிடமும் அதே குரலில் கேட்க வேண்டும்.

இந்த மண்டபத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், கணக்காயர்கள் இருக்கிறீர்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். அப்படி ஒரு மன்றம் நம் நகரத்தில் அமையும் என்றால் அதன் முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். நம் மாவட்டத்தில் எந்தெந்த ஊரில் நகர விற்பனைக் குழு இருக்கிறது, வியாபாரிகள் பிரதிநிதிக்குத் தேர்தல் நடந்ததா, கடைசியாக எப்போது கூடினார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒவ்வொரு நகராட்சிக்கும் மனு போடுங்கள். வருகிற பதிலை ஒரு சிறு புத்தகமாக்கி, ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, சந்தை வாசலில் வண்டி நிறுத்தியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். மனு எழுத நானும் வருகிறேன்.