உபகாரச் சம்பளமும் ஏழை மாணாக்கரும்
(மயிலாப்பூரில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் செய்த உபந்யாசம்)



பரீக்ஷையில் முதன்மையாகத் தேறும் பிள்ளைகளுக்கு நம் சங்கம் வருஷந்தோறும் உபகாரச் சம்பளம் அளித்து வருகிறது. அது நற்காரியமே. ஆயினும் அதில் ஒரு குறை உண்டென்று சொல்லவே இங்கு நிற்கிறேன்.

தியாகராயநகரில் வசிக்கும் நம்மவர் ஒருவருடைய குமாரத்திக்கு ஒரு தர்ம ஸ்தாபனம் காலேஜ் சம்பளம் கட்டி வந்தது. அவளுடைய மார்க்கைக் கண்டு நாம் 10,000 ரூபாய் வழங்கினோம். அவள் அதை ஒளிக்காமல் தெரிவித்தாள். ஸ்தாபனத்தார் அத்தொகையைத் தங்கள் உதவியில் கழித்துக்கொண்டனர். அவள் கையில் ஒரு காசும் மிஞ்சவில்லை. அதே பரிசைப் பெற்ற அடையாற்றுச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ முழுத் தொகையும் நின்றது. ஸ்தாபனத்தாரைக் குறைகூற மாட்டேன். மிச்சமான பணம் வேறோர் ஏழைக்குப் போகும். ஆனால் நம் பரிசு, வறியவளுக்கு வெறும் பெயராகவும் வசதியுள்ளவனுக்குப் பணமாகவும் முடிந்தது.

சர்க்கார் திட்டங்களிலும் இரு வழிகளைக் காண்கிறோம். மத்திய சர்க்கார், பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேலாகத் தேறி, குடும்ப வருமானம் 4.5 லக்ஷத்துக்கு மிகாத மாணாக்கருக்கு வருஷம் 12,000 ரூபாய் தருகிறது. வேறு உபகாரச் சம்பளமோ கட்டணச் சலுகையோ பெறுவோர் அதற்கு உரியவரல்லர். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமோ, மாதம் 1,000 ரூபாயைப் பிற உதவிகளுக்கு மேலாகவே அளிக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து ராஜ்யம், வெளியார் தரும் பரிசைக் காட்டிப் பொதுக் கலாசாலைகள் தம் உதவியைக் குறைப்பதற்கு 2017-இல் சட்டத்தால் வரம்பு கட்டியது. குறித்த சில நிலைமைகளிலன்றிக் கழித்தல் பொதுவில் கூடாதென்பது அதன் சாரம்.

ஆகையால் மூன்று காரியங்களைக் கோருகிறேன். முதலாவது, பணம் வழங்குமுன் அப்பிள்ளை பெறும் பிற உதவிகளையும் அவற்றின் நிபந்தனைகளையும் காரியதரிசி விசாரித்தறிய வேண்டும். இரண்டாவது, நம் தொகை புஸ்தகம், விடுதி, போக்குவரவு முதலிய செலவுகளுக்கென்று குறிப்பிட்டு, அதைக் கழிக்கலாகாதென அந்தத் தர்மகர்த்தாக்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். மூன்றாவது, வசதியுள்ள பிள்ளைகளுக்குப் பதக்கமும் சபை மரியாதையும் செய்து, பணத்தை வறியவர்க்கே ஒதுக்க வேண்டும்.

கெட்டிக்காரத்தனத்தைக் கௌரவிப்போம், அந்தக் கௌரவம் ஏழைப் பிள்ளையின் காலேஜ் சம்பளத்தைக் குறைக்கும்படி விடலாகாது.