கெஞ்சாத கடிதம்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நடைபெற்ற தொழில் வழிகாட்டற் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சுயவிபரக்கோவையோடு அனுப்பும் முகப்புக் கடிதத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் எழுதிய முதற் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1995 ஒக்ரோபர் இறுதியில் நடந்த பெரும் இடப்பெயர்வில் எங்கள் குடும்பமும் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வெற்றிடம் இருப்பதாக அறிந்து விண்ணப்பம் எழுதினேன். எல்லாவற்றையும் இழந்துவிட்டோம், அப்பா நோயாளி, நான் மூத்த பிள்ளை, ஐயா அவர்கள் இரக்கம் காட்ட வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். அனுப்புமுன் எங்கள் ஆங்கில ரீச்சரிடம் காட்டினேன்.

"எல்லாம் உண்மைதான் பிள்ளை. ஆனால் இந்த ஊரில் எல்லாருடைய கடிதத்திலும் இதுதானே இருக்கும்? கொடிகாமத்தில் இருந்த அத்தனை மாதமும் நீர் என்ன செய்தனீர்?"

"சும்மாதான் இருந்தனான் ரீச்சர். நாங்கள் தங்கின பள்ளிக்கூடத்தில் நிவாரணப் பதிவேடு மட்டும் எழுதினனான்."

"எத்தனை குடும்பம்?"

"110."

"கணக்குப் பிழைச்சதோ?"

"ஒருநாள் சீனி இரண்டு கிலோ குறைஞ்சது. இரவிரவாப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிச்சனான்."

"அதை எழுதும்" என்றார் ரீச்சர்.

புதுக் கடிதம் அரைப்பக்கந்தான். நேர்முகப் பரீட்சையில் அந்தச் சீனிக் கணக்கைத்தான் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

இன்று மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து நான் கடிதங்களை வாசிக்கிறேன். அங்கு கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதற் பந்தியில் எந்தப் பதவி, விளம்பரத்தை எங்கே, எத்தனையாம் திகதி பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். இரண்டாம் பந்திதான் கடிதத்தின் உயிர். விளம்பரத்தில் கேட்ட தகைமைகளில் இரண்டை எடுத்து, அவற்றை நீங்கள் செய்து காட்டிய இடத்தை எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "கடின உழைப்பாளி" என்று எழுதாதவர் எவருமில்லை. "வகுப்புச் சுற்றுலாவுக்கு 42 பேரிடம் பணம் சேர்த்துக் கணக்கு ஒப்படைத்தேன்" என்று எழுதுபவர் மிகக் குறைவு. மூன்றாம் பந்தியில் அந்த நிறுவனத்தில் ஏன் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி. கடைசியில் தொலைபேசி இலக்கமும், நேர்முகத்துக்கு வரக்கூடிய நாட்களும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பாடப் பெறுபேறுகளைத் திரும்ப எழுதவும் வேண்டாம், அவை சுயவிபரக்கோவையில் இருக்கின்றன.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரு வங்கிக்கு எழுதியதை இன்னொரு வங்கிக்கு அனுப்பும்போது பழைய பெயரை மாற்ற மறந்தவர்கள் பலர். மின்னஞ்சல் என்றால் பொருள் வரியில் பதவியின் பெயரைப் போடுங்கள். அரச பதவிக்கு வர்த்தமானி அறிவித்தல் கேட்கும் படிவத்தையும் முறையையும் அப்படியே பின்பற்றுங்கள். கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் மறக்காதீர்கள். முடிவுத் திகதிவரை காத்திருக்கவும் வேண்டாம்.

தங்கைமாரே, கஷ்டம் இருப்பது வெட்கமில்லை. ஆனால் உங்கள் கஷ்டத்தை வாசிப்பவர் இரக்கப்படுவார், அதோடு கடிதத்தை மூடி வைத்துவிடுவார். கஷ்டத்துக்குள் நீங்கள் செய்த வேலையை வாசிப்பவர் உங்களைக் கூப்பிட்டுப் பேச விரும்புவார். தம்பிக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தது, அம்மாவின் தையல் கணக்கை எழுதியது, இல்ல விளையாட்டுப் போட்டியில் அணியை நடத்தியது, எல்லாம் அனுபவந்தான். "சும்மாதான் இருந்தனான்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

இன்றிரவே ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் நீங்கள் செய்தவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். கடிதம் அதிலேதான் இருக்கிறது.