இல்லமும் இனிப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவர் பேசவேண்டிய பொருளைப் பற்றிப் பேசுமாறு, மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் எழுதும் என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நோய்க்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் வரவையும் செலவையும் ஒப்பு நோக்குவது என் தொழில். வாய் வழியே உடலுக்கு வரவாவது எவ்வளவு, உழைப்பில் செலவாவது எவ்வளவு என்னும் கணக்கை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

நோயின் விலை சம்பளப் பட்டியலில் எளிதாகத் தெரிந்துவிடும். என்ஜின் ஓட்டும் நண்பர் ஒருவர் குறித்த காலத்து மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது. கண்ணின் உள்திரையும் பழுதுபட்டிருந்தது. வண்டியிலிருந்து இறக்கி, மேசை வேலைக்கு மாற்றினார்கள். மைலேஜ் வருமானம் நின்றது. பொறியியற் கல்லூரியில் சேரவிருந்த மகன் வேலை தேடப் புறப்பட்டான். இத்தனைக்கும் அந்த நண்பர் தொந்தி சரிந்தவர் அல்லர், ஒல்லியான உடம்புக்காரர். “பருத்தவர்களுக்கு வரும் நோய் எனக்கு எப்படி வந்தது?” என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய கேள்விக்கு விடை கண்ட ஊர்களுள் தலையாயது நாம் குடியிருக்கும் இந்தப் புனேதான். இராஸ்தா பேட்டையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ணிக் அவர்களும் அவர்தம் குழுவினரும் 1993ஆம் ஆண்டு முதல், புனேக்கு அருகிலுள்ள 6 கிராமங்களில் தாய்மார்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளின் சராசரி எடையோ 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் மிகச் சிறுத்திருந்தன; தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும் கருவறையிலேயே தொடங்குகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று.

2004ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் படங்கள் அருகருகே வெளியாயின. ஒருவர் யாஜ்ணிக், மற்றவர் இங்கிலாந்தின் டாக்டர் யுட்கின். உயரத்துக்கு எடையை ஒப்பிடும் குறியீட்டு எண் இருவர்க்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லியர். ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 100க்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு! ஆகவே நண்பர்களே, தராசில் நின்று எடை குறைவாக இருக்கின்றது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இடுப்பை அளக்கும் நாடா தராசைவிட உண்மை பேசும்.

இதன் காரணத்தை இரயில்வேக்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம். நாம் உண்ணும் சோறும் சர்க்கரையும் குளுக்கோஸாகி இரத்தத்தில் வந்து சேர்கின்றன. அதை இறக்கி வைக்கும் பெரிய கிடங்கு நம் தசை. கிடங்கு சிறியதாயிருந்து வாகன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் என்னவாகும்? சரக்கு பிளாட்பாரத்தில் குவியும், வழி அடைபடும். இன்சுலின் என்பது சரக்கை இறக்கும் சுமைகூலித் தோழர் போன்றது. இரவும் பகலும் ஓயாது வேலை வாங்கினால் அவரும் ஒருநாள் சோர்ந்துவிடுவார். இதற்குச் செய்யத்தக்கவை இரண்டு. வரும் வாகன்களைக் குறைப்பது ஒன்று. உடலுழைப்பால் கிடங்கை விரிவாக்குவது மற்றொன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அதன் வாயிற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடிக்கு மேல்! நம் காலனியின் ஒவ்வொரு கட்டடத்திலும் இவர்கள் இருப்பார்கள் என்றே கொள்ளவேண்டும்.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். விடியற்காலையில் ஒரு காப்பி. அலுவலகம் போனதும் வாசற்கடையில் கட்டிங் சாய். பதினொரு மணிக்கு ஒன்று. மூன்று மணிக்கு ஒன்று. வீடு திரும்பியதும் மீண்டும் ஒரு காப்பி. ஐந்து குவளை; குவளைக்கு இரண்டு தேக்கரண்டி; கரண்டிக்கு 5 கிராம். இனிப்பு என்று ஒரு துண்டும் வாயில் இடுமுன்னரே 50 கிராம் சர்க்கரை உள்ளே போய்விட்டது! மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்குப் புறத்தே சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நன்று. அதாவது பண்டிகைக்கும் பலகாரத்துக்கும் இடமில்லாமல், ஒரு நாளைய ஒதுக்கீடு முழுவதையும் தேநீரிலேயே செலவழித்துவிடுகிறோம்.

பண்டிகையோ நமக்கு இரட்டிப்பு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் முறைப்படி இனிப்பு. குடி பாட்வாவுக்கு அண்டை வீட்டு ஸ்ரீகண்ட்; ஹோலிக்குப் பூரண் போளி; விநாயக சதுர்த்திக்கு மோதகம். ஊரிலிருந்து வருவோர் கையில் திருநெல்வேலி அல்வா. இங்கிருந்து போவோர் கையில் லோனாவ்ளா சிக்கி. இரண்டு மொழிக்காரர்களின் அன்பையும் பெற்று வாழ்வது நம் பேறு. ஆனால் இரண்டு பஞ்சாங்கங்களின் இனிப்பையும் தாங்கும் கிடங்கு நம் உடலில் இல்லை.

பிள்ளைகளின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இரண்டு பிஸ்கட்டும், பாலில் கலக்கிய பானத் தூளும் கொடுத்து, ஊட்டம் தந்துவிட்டதாக நிறைவடைகின்றோம். இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்று வகைப்படுத்தி விற்கலாகாது என 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையவழி வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் முன்புறப் படத்தை விடுத்துப் பின்புற அட்டவணையைப் படியுங்கள். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். கோலா பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி புட்டியில் ஆறு கரண்டி! 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்கச் சொன்னது. பள்ளிச் சுவரில் எழுதினால் போதுமா? வீட்டுச் சுவரில் அன்றோ முதலில் எழுதவேண்டும்!

“காலையில் இருவரும் வேலைக்கு ஓடுகின்றோம்; நல்லுணவு சமைக்க நேரம் ஏது?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. விடை நம் அண்டை வீட்டு அடுப்பில் இருக்கின்றது. அவர்கள் பாஜ்ரி என்பது நம் கம்பு. ஜ்வாரி என்பது நம் சோளம். நாச்ணி என்பது நம் கேழ்வரகு. கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் கோர்ப்படியிலும் வந்து குடியேறிய நம் முன்னோர் பலர், ஊரில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்தவர்கள். கையில் மாதச் சம்பளம் வந்தபின், மூன்று வேளையும் வெள்ளைச் சோறு உண்பதே மதிப்பு என்று எண்ணிப் பழைய தானியத்தை மறந்தோம். மராட்டிய உழவரோ பாக்ரியை விடவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு; தீட்டிய அரிசியிலோ அது 10 மில்லிகிராமை ஒட்டியதே. நாம் ஊரில் விட்டு வந்ததை இவ்வூர் நமக்காகக் காத்து வைத்திருக்கின்றது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். வெல்லமும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே. நிறம் பழுப்பென்பதால் குணம் மாறிவிடாது. சிறுதானியமும் மாவுப் பொருளே. நைய அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் விரைவில் குளுக்கோஸாகும். ஆதலால் அளவும் வேண்டும், பருப்பும் காயும் துணைக்கு வேண்டும். மூன்றாவது, இங்குள்ளோர் விரத நாளில் விரும்பி உண்ணும் சாபுதாணா கிச்சடி. அந்த ஜவ்வரிசி பெரும்பாலும் நம் சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவதே. ஊர்ப்பற்றினால் அதை மிகுதியாக உண்ணவேண்டா. அது நார்ச்சத்து நீங்கிய வெறும் மாவு.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையையும் அளவையுமே பேசுகின்றன. அந்த வழியில் நின்று, வேலைக்குப் போகும் பெற்றோர் செய்யக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, காப்பியில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தவேண்டா. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இரண்டாவது, இரவு படுக்குமுன் ஒரு கிண்ணம் மட்கியையோ பச்சைப் பயற்றையோ ஊறவையுங்கள். காலையில் வடித்துத் துணியில் கட்டுங்கள். மறுநாள் முளைவிட்ட பயறு உசளாகவோ சுண்டலாகவோ கால் மணி நேரத்தில் ஆகிவிடும். வடித்துக் கட்டும் வேலையை ஆடவர் செய்யலாம். இரவுப் பணி முடித்து வரும் கணவர் பயறு வடித்தால் அவர் மதிப்பு குறைந்துவிடாது.

மூன்றாவது, தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ பயறோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறோ பாக்ரியோ இருக்கட்டும். சோற்றைத் தொட்டுக்கொண்டு காயை உண்ணும் வழக்கம் வரட்டும்.

நான்காவது, மாலையில் பசித்து வரும் பிள்ளைக்கு வேர்க்கடலை, கொய்யாப்பழம், மோர் ஆகியவற்றுள் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இவை இருந்தால் பிஸ்கட்டைத் தேடாது.

ஐந்தாவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பத்தோடு காலனியைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடங்கள். உண்டபின் நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் பள்ளிக் கதையும் அந்த நேரத்தில் காதில் விழும். இதனினும் சிறந்த மருந்து மனத்துக்கு உண்டா?

ஆறாவது, உறக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு வேட்கையும் பெருகும். ஷிப்டு முறையில் உழைப்போர்க்கு இது கடினமே. எனவே வீட்டார் அவர் உறங்கும் பகலை இரவாக மதித்து, தொலைக்காட்சி ஓசையை அடக்கி உதவவேண்டும்.

“இதெல்லாம் பலிக்குமா?” என்று ஐயுறுவோர்க்குச் சென்னை விடை தந்திருக்கின்றது. டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நம்மைப் போல் அலுவலகங்களில் வேலை செய்யும் நடுத்தரக் குடும்பத்தார் அவர்கள். வழக்கம்போல் வாழவிட்டவர்களில் 100க்கு 55 பேர் நோயாளிகளாயினர். சர்க்கரையைத் தவிர்த்து, உணவைத் திருத்தி, நாளும் அரைமணி நடந்தவர்களில் அந்த எண்ணிக்கை 39. நூற்றுக்குப் பதினாறு குடும்பங்கள் அந்த மூன்றாண்டில் தப்பின. ஆனால் ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் என் பேச்சைக் கேட்டு அவற்றை நிறுத்திவிடலாகாது. உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

நிறைவாகச் சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பங்கள். ஆண்டு விழாவில் வருவோர்க்கெல்லாம் லட்டுப் பொட்டலம் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, சுண்டலும் மோரும் வழங்குவோம். இனிப்பு வேண்டுவோர்க்குச் சிறு துண்டு ஒன்று இருக்கட்டும். மற்றொன்று, ஆண்டுக்கொரு நாள் நம் மன்றத்திலேயே இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்துவோம். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும், ஒல்லியானவர் முதற்கொண்டு, வரிசையில் நிற்கட்டும். அந்த என்ஜின் ஓட்டுநர்க்கு ஐந்தாண்டுகளுக்கு முன் இந்தச் சோதனை வாய்த்திருந்தால், அவர் இன்றும் வண்டியில் இருந்திருக்கக் கூடும். மகன் கல்லூரியில் இருந்திருப்பான்.

நம் பொங்கல் நாளில்தான் மராட்டிய நண்பர்கள் எள்ளுருண்டை கொடுத்து இனிமையாகப் பேசுமாறு வேண்டுகின்றார்கள். உருண்டை ஒன்று போதும். இனிய சொல்லுக்குத்தான் அளவு வேண்டியதில்லை.