கேட்பவரும் பேசட்டும்

வானொலிக் கலந்துரையாடலால் ஊருக்குப் பிரயோசனம் உண்டு என்று இந்த மாங்குளத்துச் சபையிலே சாதிக்க வந்திருக்கிறேன். எதிரணித் தலைவரோ, கையிலே தொலைபேசி இருக்கும் காலத்தில் வானொலிப் பேச்சு எதற்கென்று வினவி, "பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை" என்ற பழமொழியையும் பிரயோகித்து, உங்கள் கரகோஷத்தையும் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

போர்க்காலத்திலே பொருளாதாரத் தடை நீடித்த அந்த வருஷங்களில், ஒரு பற்றரிகூட இந்தப் பக்கம் வரலாகாதென்று தடுக்கப்பட்டிருந்தபோது, சைக்கிளை நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலே பிறந்த மின்சாரத்தைக் கொண்டு, லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் ஒலிபரப்பையும் அயலட்டமெல்லாம் கூடியிருந்து கேட்ட ஜனங்களல்லவா நாம்? செய்தி முடிந்ததும் எவரும் எழுந்து போய்விடவில்லை. அதற்குப் பிறகுதான், கேட்டதை எடைபோட்டும் மறுத்தும் வேலியோரத்திலே உண்மையான சம்பாஷணை ஆரம்பித்தது. ஆயினும் அந்தச் சம்பாஷணையில் ஒரு சொல்லாவது லண்டனுக்கோ மணிலாவுக்கோ திரும்பிப் போனதில்லை. 1941 இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30 ஆந் திகதியோடு நின்றுவிட்டது. நெடுங்காலம் நாம் கேட்டுப் பழகியவர்கள், பேசிப் பழகியவர்களல்லர். நான் வாதாடுவது அந்தக் குறையைப் பற்றியே.

பேச்சினால் சோறு கிடைக்குமா என்று இரண்டாவது பேச்சாளர் பரிகசித்தார். தஞ்சாவூரிலே கிடைத்ததே! 1960 களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லினத்தைப் பற்றித் திருச்சிராப்பள்ளி வானொலி விவசாயிகளுக்கு ஓயாது எடுத்துச் சொல்ல, காவிரிப் படுகையெங்கும் அது பரவி, "ரேடியோ நெல்" என்று அவர்கள் வாயாலேயே பெயரும் பெற்றது. ஆராய்ச்சி நிலையம் இட்ட இலக்கத்தைவிட அந்தப் பெயரே ஊரிலே நிலைத்தது.

அது சோற்றுக் கதை. உரிமைக் கதையொன்று நம் நாட்டு நியாயஸ்தலத்திலேயே இருக்கிறது. எதிரணியினர் அதைப் படித்திருந்தால் இத்தனை உரத்துப் பேசியிருக்க மாட்டார்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றை நடத்திவந்து, 1995 இல் அதனைச் சடுதியாக நிறுத்திவிட, அந்நிகழ்ச்சியில் பங்குபற்றிவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1996 இல் அளித்த தீர்ப்பு யாது? வெறுமனே கேட்டிருப்பவராக அன்றி, நிகழ்ச்சியிலே பங்குபற்றும் நேயராக அவருக்கிருந்த பேச்சுச் சுதந்திரம், அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை காக்கும் அந்தச் சுதந்திரம், மீறப்பட்டது என்பதே. வானொலியில் வாய் திறக்கும் சாமானியனின் பேச்சு வீண்பேச்சானால், அதை நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொல்லியிருக்குமா?

பிறந்தநாள் வாழ்த்தும் விருப்பப் பாடலுமாகப் பொழுதைக் கழிக்கும் தொலைபேசி நிகழ்ச்சிகளை அவர்கள் சாடினார்கள். நானும் கூடவே சாடுகிறேன். அது கலந்துரையாடலே அல்ல.

கலந்துரையாடல் எதுவென்று சொல்கிறேன். வவுனியாப் பக்கத்திலே பிறக்கும் கனகராயன் ஆறு நம் மாவட்டத்தைக் கடந்து இரணைமடுக் குளத்திலே சேர்கிறது. 2018 டிசம்பரில் அந்தக் குளம் பெருகியபோது, வான்கதவுகளை வேளைக்குத் திறந்தார்களா என்ற கேள்வி வெள்ளம் வடிந்த பின்னும் வடியவில்லை. அதற்கும் முன்பே, அந்த நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதா என்ற பிணக்கிலே, சிறுபோகத்தை எண்ணி அஞ்சிய கமக்காரரும், உவர்க் கிணற்றோடு மல்லாடிய யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கட்சி கட்டி நின்றார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளரையும் கமக்காரர் அமைப்புத் தலைவரையும் குளத்து மீனவரையும் அந்தப் பெண்ணையும் ஒரே ஒலிவாங்கியின் முன் இருத்தி வாராவாரம் பேசவைத்திருந்தால், பிணக்கு முற்றாகத் தீர்ந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் ஒருவர் கவலையை மற்றவர் பத்திரிகைத் தலைப்பிலிருந்து அறியாமல், அவர் குரலிலேயே அறிந்திருப்பார்.

தொலைபேசிக் குழுவிலே நடவாதா என்பீர்கள். அங்கே நம்மவர் நம்மவரோடுதான் பேசுகிறார். பிடிக்காதவரை நீக்கிவிடவும் செய்கிறார். வானொலியிலோ, வரம்பிலே நிற்பவரும் அடுப்படியில் நிற்பவரும் கந்தோரில் இருப்பவரும் ஒரே வேளையில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பதில் சொல்லக் கடமைப்பட்ட உத்தியோகத்தர் நழுவினால், அவர் நழுவியதையும் மூன்று மாவட்டம் கேட்கும்.

மலையகத்தின் கொத்மலையிலே 1989 முதல் கூட்டுத்தாபனத்தின் கீழேயே சமூக வானொலி நடந்திருக்கிறது. அங்கே இயன்றது நம் வன்னியிலே ஏன் இயலாது? நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குங்கள்; வழங்குகையில், குளக்கட்டின் நிலைமையைப் பற்றி வாரத்தில் ஒரு மணி நேரமாவது நம் கமக்காரர் நேரடியாகக் கேள்வி கேட்க ஒலிபரப்பில் இடம் வேண்டும் என்ற விண்ணப்பத்தையும், இந்தச் சபையின் பெயரால் கூட்டுத்தாபனத்துக்கு எழுதி அனுப்புங்கள்.