குரும்பட்டித் தேரும் லெகோக் கட்டையும்

யாழ்ப்பாணத்துச் சிறுவர் குரும்பட்டியில் ஈர்க்குச் செருகித் தேர் செய்வர். மாலைக்குள் அது கழன்றுவிடும்; மறுநாள் அதே குரும்பட்டி மாட்டுவண்டியாகும். டென்மார்க்குத் தேசத்துத் தச்சர் ஒருவர் 1932இல் தொடங்கிய விளையாட்டுப்பொருள் தொழிலில், 1958இல் இன்றைய வடிவம் பெற்ற லெகோக் கட்டைகளும் பூட்டிப் பிரித்தற்கு உரியனவே. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் அக்கட்டைகளைக் கண்ணாடி அலுமாரியிற் பூட்டி, விருந்தினருக்கு மட்டுமே காட்டும் வீடுகளும் உண்டு; பிள்ளை பார்த்திருக்க வேண்டியதுதான்!

2014இல் வெளிவந்த 'லெகோ மூவி' என்னும் நகைச்சுவைச் சித்திரப்படத்திலும் இப்பிணக்கே வருகிறது. தாம் அமைத்த நகரத்தை எவரும் கலையாதவாறு பசையிட்டு ஒட்ட முனைகிறார் தந்தை. கலைத்துக் கட்ட விழைகிறான் மகன். ஈற்றில், மகனின் கைவேலையைக் கண்ணுற்ற தந்தை மனமிளகி இணங்குகிறார். ஆயின் தங்கையும் விளையாட வருவாளென்று அவர் சொன்னதும், மகன் திடுக்கிட்டுப் போகிறான்.